அந்த ஸ்டிக்கரை மன்றத்தில் உரக்க வாசியுங்கள்!

அயோவா தோழர்களே!

இன்று வீட்டுக்குப் போனதும் கொட்டகையில் நிற்கும் ஏடிவியின் (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியின்) பக்கத்தில் குனிந்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படியுங்கள். பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது அது. ஒட்டியது நாமல்ல, வண்டியைச் செய்து விற்ற நிறுவனம். செய்தவரே வேண்டாம் என்பதை, 2022 ஜூலை 1 முதல் நம் மாநிலச் சட்டம் செய்யலாம் என்கிறது. கவுண்டியின் தார்ச் சாலைகள் திறந்துவிடப்பட்டன. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் மட்டும் இன்னும் நகர மன்றத்தின் கையில் இருக்கின்றன. அவற்றையாவது காப்போம், வாருங்கள்!

இது ஓட்டுபவரின் திறமையைப் பற்றிய பேச்சல்ல. பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. மண்ணில் ஏதாவது ஒன்று வழுக்கிக் கொடுக்கும், வண்டி திரும்பிவிடும். தார் வழுக்கிக் கொடுக்காது. பத்து பவுண்டு காற்றழுத்தம்கூட இல்லாத அந்த மெத்து டயர் தாரைக் கவ்விக்கொள்ளும். ஹேண்டிலை ஒடித்தாலும் வண்டி நேரே தள்ளும். திடீரென்று பிடி கிடைக்கும்போது கவிழும். உயரமான, அகலம் குறைந்த வண்டி வேறு. நாடு முழுவதும் ஏடிவி சாவுகளில் பாதிக்கும் மேல் சாலையில் நடப்பது தற்செயலா?

மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது, பதினெட்டு வயதும் உரிமமும் காப்பீடும் வேண்டும் என்று சட்டம் நிபந்தனை போட்டிருக்கிறதாம். அதே கவுண்டிச் சாலையில் பின்னால் 55 மைலில் ஒரு லாரி வரும், தோழர்களே! ஹெல்மெட்? மோட்டார் சைக்கிளுக்கே ஹெல்மெட் கட்டாயமில்லாத மாநிலம் நம்முடையது.

விவசாயியின் பெயரைச் சொல்லி வாதாடுவார்கள். ஏமாறாதீர்கள். பண்ணை வேலைக்காகச் சாலையைப் பயன்படுத்தும் அனுமதி அவருக்கு முன்பே இருந்தது. புதிதாகத் திறந்தது உல்லாசச் சவாரிக்கு. சுற்றுலாப் பணம் வரும் என்பார்கள். அதற்கு மண்பாதை போடட்டும், நாமும் கைகொடுப்போம்.

ஊர்த் தெருக்களையும் திறக்கும் சட்டத்தைத் தடுக்கக் காலம் குறைவு. நம் மாநிலத்தில் நகரச் சட்டம் எதுவும் மூன்று கூட்டங்களில் வாக்கெடுப்பைக் கடக்க வேண்டும். ஆனால் மன்றத்தில் நான்கில் மூன்று பங்கினர் சேர்ந்தால் அந்தக் காத்திருப்பை ரத்து செய்து ஒரே இரவில் நிறைவேற்றிவிடலாம். ஆகவே இரண்டாம் கூட்டத்துக்கு வரலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் ஊர் மன்றத்தின் அடுத்த நிகழ்ச்சி நிரலை இன்றிரவே பாருங்கள். அதில் ஏடிவி என்ற சொல் இருந்தால் அண்டைவீட்டாரை எழுப்புங்கள். முதல் கூட்டத்திலேயே இருக்கைகளை நிரப்புங்கள். மூன்று கூட்டமும் நடக்கட்டும் என்று உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் நேரில் கேளுங்கள். பேச உங்கள் முறை வரும்போது சொந்தமாக எதுவும் எழுதிக்கொண்டு வரத் தேவையில்லை. அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து வந்து, எழுந்து நின்று வாசியுங்கள்.