ரோச்செஸ்டர் வரவில்லை, நிக்கல்ஸ் வந்தார்

'ஜேன் ஏர்' நாவலின் நாயகி, மணக்கக் கேட்ட பாதிரியாரை மறுத்துவிட்டு, தன் காதலன் ரோச்செஸ்டரைத் தேடி ஓடுகிறாள். 1847இல் வெளியான அந்தக் கதையை எழுதிய ஷார்லட் ப்ராண்ட்டி, 38 வயதில் கைப்பிடித்தது ஒரு பாதிரியாரைத்தான். யார்க்ஷயரின் ஹாவொர்த் கிராமத்தில் ஷார்லட்டின் தந்தைக்கு உதவிப் போதகராக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ். ஏழு வருடங்களாகக் கண்ணெதிரே நடமாடிய மனிதர்! 1852 டிசம்பரில் ஒருநாள், உடம்பெல்லாம் நடுங்க, அவர் தன் மனதைச் சொன்னார். தந்தை கொதித்துப் போனார். அடுத்த ஆண்டு நிக்கல்ஸ் ஊரைவிட்டே கிளம்பவேண்டி வந்தது. போகிற நேரத்தில் தோட்டத்துக் கதவில் சாய்ந்து அவர் விம்மி அழ, ஷார்லட்தான் வெளியே போய்ப் பேசினார். ரோச்செஸ்டரின் வசனங்கள் அத்தனையையும்விட இந்த அழுகை எனக்குப் பெரிது. கற்பனைக் காதலனுக்குச் சொற்களை ஷார்லட் எழுதிக் கொடுத்தார். இவருக்கோ சொல்லே வரவில்லை. அதையும் காதல் என்று அடையாளம் காண ஷார்லட்டுக்குக் காலம் பிடித்தது. கல்யாணத்தின்போதுகூட அவர் மனதில் இருந்தது காதலைவிட மரியாதைதான் என்று தோன்றுகிறது. பாசம் பிறகு, அன்றாடத்தில் வளர்ந்ததைக் கடிதங்கள் காட்டுகின்றன.

ஊரைவிட்டுப் போன நிக்கல்ஸ் திரும்பி வந்தார். 1854 ஜூன் 29 அன்று திருமணம். தந்தை தேவாலயத்துக்கு வரவில்லை. பழைய ஆசிரியை ஒருவர்தான் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார். இருவரும் ஒன்பது மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1855 மார்ச் 31இல் ஷார்லட் இறந்தார். நிக்கல்ஸ் போய்விடவில்லை. தன்னை வெறுத்த அந்த மாமனாரை, 1861இல் அவர் கண்மூடும்வரை, அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார்.