கை மட்டுமா விழுந்தது?

கும்பகோணம் பக்கத்துக் கிராமம். ஐந்நூறு இலைக்குத் தனியாளாக நின்று சமைத்த கல்யாணச் சமையல் மாஸ்டருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுக்கப் போனேன். இரண்டாவது மாதம் கை தோள்வரை தூக்க வந்தது, அதோடு நின்றது. பந்தைப் பிடிக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் குறிப்பேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று நான்கு முறை எழுதியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக இயன்முறை சிகிச்சை செய்கிறவன் எழுதியிருக்கவே கூடாத சொல் அது.

“வீம்பு, தம்பி” என்றார் வீட்டு அம்மா. பிறகொரு நாள் அவரே சொன்னார்: “முன்னெல்லாம் சாம்பார்ல புளி ஒரு சொட்டு தூக்கலா இருந்தாலும் தட்டைத் தள்ளிடுவாரு. இப்ப உப்பே போடாம வச்சாலும் தின்னுட்டுப் படுத்துடுறாரு. பத்தியத்துக்குப் பழகிட்டாருன்னு நெனச்சேன்.”

பழகவில்லை. ருசியில் இருந்த பிடிப்பே போய்விட்டது. மனநல மருத்துவர் பார்த்ததும் மனச்சோர்வு என்றார்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. ‘இப்படியொரு இடி விழுந்தால் மனசு ஒடியாதா’ என்பார்கள். அது பாதி உண்மை. மூளையில் ரத்தம் எட்டாமல் செத்த இடத்தில் கையை ஆட்டும் நரம்புகளோடு, ஆசையையும் முனைப்பையும் நடத்தும் இணைப்புகளும் இருந்திருக்கலாம். பக்கவாதமே வராத முதியவர்களிடமும், மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சத்தமில்லாமல் கெடுவதால் மனச்சோர்வு வரக்கூடும் என்ற கருத்தை அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் அலெக்சோபுலோஸ் குழுவினர் 1997இல் முன்வைத்தார்கள். எதிர்த்திசையிலும் வழி இருக்கிறது: இந்தியா உட்பட 22 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பக்கவாதத்தோடு தொடர்புள்ள பத்துக் காரணங்களில் ரத்தக்கொதிப்போடு மனச்சோர்வையும் சேர்த்தது.

அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடலாமா? பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூயோக்ஸெட்டினை ஆறு மாதம் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. மனச்சோர்வு வந்தவர்கள் குறைவு. ஆனால் கைகால் இயக்கம் மேம்படவில்லை, எலும்பு முறிவு கூடியது. ஆகவே பொத்தாம்பொதுவாகக் கொடுப்பது தீர்வல்ல. தேவைப்படுகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஸ்கேன் வேண்டாம். இரண்டு கேள்வி போதும்: கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்து கிடந்ததா? எதிலும் நாட்டமில்லாமல் போனதா? பேச்சு போனவராக இருந்தால் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சாப்பிடுவதையும் தூங்குவதையும் அவர்களே அறிவார்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் கட்டிலருகே வந்து உட்காருகிறார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு அரசு ஒரு உத்தரவு போட்டால் போதும், புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மாஸ்டர் இப்போது இடது கையால் கரண்டி பிடித்து உப்பு பார்க்கிறார். வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் வீம்பு என்று விட்டுவிடாதீர்கள். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.