காதலுக்குக் கணக்குத் தெரியும்

காதலுக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் தெரியாது என்கிறார்கள். சாட்சி கேட்டால் சினிமாவைக் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டப்படும் பழைய சாட்சிகளில் ஒன்று, 1934-ல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் ஒருசேர அள்ளிய முதல் படம். நம் ஏவி.எம். இந்தியில் எடுத்த 'சோரி சோரி'க்கும் (1956) இதுதான் மூலம்.

அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனை மணந்துவிட்ட கோடீஸ்வரர் மகள் எல்லி, அப்பாவிடமிருந்து தப்பி மயாமியில் நியூயார்க் பஸ் ஏறுகிறாள். பக்கத்து சீட்டில் வேலை பறிபோன நிருபர் பீட்டர். முதலில் சண்டை, பிறகு காதல், முடிவில் கல்யாணம். பணம் தோற்றது, காதல் வென்றது என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

படம் சொல்வது வேறு. எல்லிதான் முதலில் மனம் திறக்கிறாள். பீட்டருக்கும் சம்மதம்தான், ஆனால் சட்டைப்பை காலி. வெறுங்கையோடு பெண் கேட்கக் கூசி, அவள் தூங்கும்போதே காரை எடுத்துக்கொண்டு நியூயார்க் விரைகிறான். தங்கள் கதையையே பழைய பத்திரிகை ஆசிரியரிடம் ஆயிரம் டாலருக்கு விற்கிறான். கண்விழித்தவள், கைவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து அப்பாவுக்கு போன் செய்கிறாள். காதல் முறியக் காரணம் வில்லன் அல்ல. காலிப் பை தந்த கூச்சம். பேதம் தெரியாத காதல் ஆயிரம் டாலரைத் தேடி ஏன் ஓடுகிறது?

அடுத்து அந்தப் புகழ்பெற்ற பில். மகளைக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் என்று அப்பா அறிவித்திருக்கிறார். பீட்டர் அதைத் தொடவில்லை. பெட்ரோலுக்காக விற்ற மேல்கோட்டு 15, பெட்டி 7.50, தொப்பி 4, மூன்று சட்டை 4.50, கைச்செலவு 8.60, ஆக 39 டாலர் 60 சென்ட் மட்டும் கேட்கிறான். மாமனார் உருகிவிடுகிறார். இவன்தான் மாப்பிள்ளை!

பீட்டரின் ரோஷத்தை நானும் ரசிக்கிறேன். ஆனால் இங்கே பரீட்சை யாருக்கு? பணத்தாசை இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் சட்டையை விற்றவன். அப்பாவின் சொத்து என்றைக்கும் கூண்டில் ஏறவில்லை. மகளின் முந்தைய கணவனுக்குப் பணம் கொடுத்துக் கல்யாணத்தை ரத்து செய்ததும் அதே சொத்துதான். காதல் வென்றது உண்மை. வெல்ல வழிவிட்டது அப்பாவின் காசோலை.

காப்ராவுக்கும் திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கினுக்கும் இது தெரியும். அமெரிக்கா பெருமந்தத்தில் தவித்த காலம் அது. அதனால்தான் படம் முழுக்கச் சில்லறை எண்ணிக்கொண்டே போகிறது. அதைத் துடைத்துவிட்டு வசனமாக்கியது நாம்தான்.

வர்க்கம் தாண்டிக் காதலிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. தாண்டும் செலவு பெரும்பாலும் இல்லாதவர் தலையில் விழுகிறது என்கிறேன். 'பேதம் தெரியாது' என்ற வசனம் அந்தச் செலவை மறைக்கிறது. பணத்தால் பிரிந்த ஜோடியிடம், 'உங்கள் காதல் போதவில்லை' என்று பழியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.