இசை பயில்வார் கையில் கணிப்பொறி

இசை பயிலும் மாணவர்க்குக் கணிப்பொறி எதற்கு என்று வினவிய காலம் போயிற்று. தம்புரா ஒலி இன்று கைப்பேசியினின்று எழுகின்றது. ஆசான் பாடிக் காட்டும் பாடம் அதிலேயே பதிவாகின்றது. அரங்கேற்றத்திற்கு முன்பே மாணவியின் பாட்டு இணையத்தின் வழியே கடல் கடந்து விடுகின்றது. இனி வினவ வேண்டுவது ஒன்றே. மாணவர் கருவியை ஆள்கின்றனரா, கருவியும் அதனை விற்போரும் மாணவரை ஆள்கின்றனரா என்பது அது. இசை கற்பிக்கும் இடங்களிற் பெரும்பாலானவை இவ்வினாவை எழுப்புவதேயில்லை. கிழமைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கி, இசையறியாத ஒருவரைக் கொண்டு மடல் தட்டச்சிடக் கற்பித்துவிட்டால் கணிப்பொறிக் கல்வி முடிந்தது என்று அமைந்துவிடுகின்றன.

குடந்தையை அடுத்த சிற்றூர் ஒன்றினின்று இசைக்கல்லூரிக்குச் சென்று வாய்ப்பாட்டுப் பயிலும் மாணவி ஒருத்தியின் பட்டறிவு இங்கு எண்ணத்தக்கது. அவள் தானாகவே முயன்று, பாட்டைப் பதிந்து தொகுக்கும் மென்பொருள் ஒன்றைக் கற்கத் தொடங்கினாள். அதனைத் திறந்த அளவிலேயே, அவள் ஒரு விசையையும் அழுத்தாமுன்னர், அப்பொறி இரண்டு முடிவுகளைச் செய்து வைத்திருந்தது. தாளம் நான்கு எண்ணிக்கை. விரைவு மணித்துளிக்கு 120 தட்டு. இவ்வகை மென்பொருள்கள் பலவற்றின் தொடக்க அமைப்பு இதுவே. அவள் பாட விரும்பியதோ ஐந்தெண்ணிக்கைக் கண்டசாப்பு. மாற்றிக்கொள்ள வழியிருந்தது; ஆனால் மாற்றவேண்டும் என்று முதலில் தோன்றவேண்டுமே!

அடுத்துச் சுரந்திருத்தும் கருவியைத் தன் குரலின்மேல் ஓட்டிப் பார்த்தாள். 'ச' முதல் மேல் 'ச' வரையுள்ள இடைவெளியைப் பன்னிரண்டு ஒத்த படிகளாகப் பகுத்துக்கொண்டு, பாடுவோர் குரல் இரு படிகளுக்கிடையே நின்றால் அதனை அருகிலுள்ள படிக்கு இழுத்து நிறுத்துவது அக்கருவியின் தொழில். இவ்வகையிற் பெயர்பெற்ற ஆட்டோட்யூன் 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் அதற்குமுன் நிலத்தடியில் எண்ணெய் தேடும் தொழிலுக்கான அலைக் கணக்குகளில் தோய்ந்தவர் என்பது சுவையான செய்தி. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்து அசைந்தே உருப்பெறுவது. கருவி அவ்வசைவைத் தவறெனக் கொண்டு நிமிர்த்திவிட்டது. மாணவி முதலில் தன் பாட்டில்தான் குறையென்று எண்ணி நாணினாள். பின் ஆசானிடம் காட்டினாள். எலும்பு இருக்கின்றது, தோடியைக் காணோம் என்றார் அவர். மென்பொருளைக் கற்பது வேறு, மென்பொருளிடம் இசை கற்பது வேறு என்பது அன்று அவளுக்கு விளங்கிற்று.

குறிப்பெழுதுவதிலும் இத்தகைய இடர் உண்டு. தமிழில் இசைக்குறிப்பு எழுத்துகளாலேயே எழுதப்படும். நெடிலால் நீட்டமும், காற்புள்ளியால் ஓரெண் நீட்டமும், அரைப்புள்ளியால் ஈரெண் நீட்டமும், மேற்கோட்டால் விரைவும் காட்டப்படும். மெலிவுக்கு எழுத்தின் கீழும் வலிவுக்கு எழுத்தின் மேலும் புள்ளியிடுவர். இங்கேதான் பொறி இடறுகின்றது. தமிழில் மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். தொல்காப்பியர் காலந்தொட்டு அதுவே மரபு. வலிவுச் சகரத்தின்மேல் புள்ளியிட்டால் அது 'ச்' என்றே நிற்கும். கையெழுத்தில் ஆசானும் மாணவரும் இடமறிந்து படித்துக்கொள்வர். பொறிக்கு இடமறியும் அறிவில்லை. ஒருங்குறியில் தனி மேற்புள்ளி ஒன்று உண்டெனினும், பல எழுத்துருக்களில் அஃது எழுத்தின் தலைமேல் நில்லாமல் விலகிப் போகின்றது. இதனைச் சீர்செய்தல் மலையைப் புரட்டும் செயலன்று. எழுத்துரு வடிப்பார் ஒருவர் இசைவல்லார் ஒருவரோடு சில நாள் ஒருங்கமர்ந்தாற் போதும். ஒருங்கமர்வாரைத்தான் காணோம்.

அதனினும் பெரிய இழப்பு மற்றொன்று. அம்மாணவியின் ஆசான் இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் தம் பாடல்களை இசைக்குறிப்போடு தட்டச்சிட்டு வைத்திருந்தார். அக்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அதனையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு வகையாய் அமர்த்தினர். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு அதனை ஏற்றதோ 2010-இல். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சிட்டவை எத்துணை! தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தை (பெயர்தான் வடமொழி, உள்ளே இருப்பது தமிழிசை) இன்றும் எவரும் எடுத்துப் படிக்கலாம். நூறாண்டு கடந்த தாள் பேசுகின்றது. இருபத்தைந்தாண்டுக் கோப்பு ஊமையாய்க் கிடக்கின்றது.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததென எண்ணற்க. மேலையிசையின் ஐங்கோட்டுக் குறிப்பை எழுதுவதற்கு 1988 முதல் பெயர்பெற்று விளங்கிய மென்பொருள் பினாலே. அதனை இனி வளர்ப்பதில்லையென அதன் நிறுவனம் 2024 ஆகசுட்டுத் திங்களில் அறிவித்தது. வாழ்நாள் உழைப்பையெல்லாம் அதில் எழுதிவைத்த இசையாசிரியர்கள் திகைத்தனர். தம் கோப்புகளை மியூசிக் எக்சுஎம்எல் என்னும் பொதுவடிவிலும் சேமித்து வந்தோர்க்கு அத்துணைத் திகைப்பில்லை. 2004-இல் முதற்பதிப்புப் பெற்ற அவ்வடிவை இசைக்குறிப்பு மென்பொருள்களிற் பெரும்பாலானவை படிக்கும். மியூசுகோர் என்பது விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலும் எல்லார்க்கும் திறந்திருப்பது. பொருள்வளம் இல்லாத மாணவர் அதனின்று தொடங்கலாம்.

ஆனால் மாணவர் பலர் செய்வது வேறு. பல்லாயிரம் உருவா விலையுள்ள மென்பொருளின் பூட்டுடைத்த படியைத் தேடுகின்றனர். தோழர் ஒருவர் இணைப்பை அனுப்புகின்றார். நச்சுநிரல் தடுப்பை நிறுத்திவிட்டு இதனை நிறுவுக என்று அதிலேயே எழுதியிருக்கும். காவல்நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திற என்று சொல்பவன் யாவன் என எண்ணிப் பார்ப்பார் இலர். 2019 சூன் திங்களில் ஈசெட் என்னும் சுலோவாக்கியப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. இசைத்தொகுப்பு மென்பொருள்களின் பூட்டுடைத்த படிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றில், பிறர் கணிப்பொறியை உழைக்கவைத்துத் தனக்கு மின்காசு ஈட்டிக்கொள்ளும் திருட்டு நிரல் ஒளிக்கப்பட்டிருந்தது. 2018 முதலே அது பரவிக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் லவுடுமைனர்.

திருடர் இசைவாணரை ஏன் தேர்ந்தனர் என்பது கருதத்தக்கது. இசை தொகுப்போர் ஆற்றல் மிக்க கணிப்பொறியை வைத்திருப்பர். தொகுக்கும்பொழுது அது சூடேறுவதும் விசிறி இரைவதும் வழக்கமாகலின், இரைச்சல் கேட்டு ஐயுறமாட்டார். இசைக்கருவிகளின் ஒலிகளைச் சுமந்த மென்பொருள் இயல்பிலேயே பெரியது. ஆகவே அதனுள் வேறொரு முழுக் கணிப்பொறி அமைப்பையே மறைத்து வைத்தாலும் அளவு மிகுந்ததென்று தோன்றாது. அவ்வாறே மறைத்தும் வைத்தனர். இசைவாணரின் தொழிலியல்பைத் திருடன் இவ்வளவு நுணுகி அறிந்திருக்கின்றான். அவருக்குக் கணிப்பொறி கற்பிப்போர் அறிந்திருக்கவில்லை.

விலையின்றித் தருவோரையும் விழித்திருந்தே நம்பவேண்டும். ஒலிப்பதிவுக்கு உலகெங்கும் பயன்படும் ஆடாசிட்டியை 2021-இல் ஒரு நிறுவனம் தன்வயப்படுத்திற்று. அவ்வாண்டே, பயன்படுத்துவோரைப் பற்றித் திரட்டும் செய்திகள் குறித்து அது வெளியிட்ட அறிக்கை பெருங்கூச்சலைக் கிளப்பிற்று. பின்னர் அவ்வறிக்கை திருத்தப்பட்டது. படிக்காமல் 'ஏற்கின்றேன்' என்று அழுத்துவோர் மட்டுமே இருந்திருப்பின் அத்திருத்தம் வந்திராது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் பாட்டு அழியாது என்பது மற்றொரு மயக்கம். மைசுபேசு என்னும் அமெரிக்கத் தளத்தில் 2003 முதல் 2015 வரை இளம்பாடகர் ஏற்றிய பாடல்கள் கோடிக்கணக்கானவை. தளத்தை வேறு பொறிகளுக்கு மாற்றும்பொழுது அவையெல்லாம் தொலைந்தன என்பது 2019-இல் உலகுக்குத் தெரிந்தது. அங்கன்றி வேறெங்கும் படி வைத்திராதவர்க்குத் தம் இளமைக்குரலே இல்லாமற் போயிற்று. குடந்தை மாணவி இப்பொழுது ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படி வைக்கின்றாள். ஒன்று கணிப்பொறியில்; ஒன்று தனித்தட்டில்; மற்றொன்று திருச்சியிலுள்ள அத்தை வீட்டுப் பேழையில்.

கடவுச்சொல்லைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. பாடகி தனக்குப் பிடித்த பண்ணின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தால், அவள் பாட்டைக் கேட்டவன் எவனும் ஊகித்துவிடுவான். நீண்ட சொற்கோவையாகவும், ஒவ்வோரிடத்திற்கு ஒவ்வொன்றாகவும், இரண்டாவது சரிபார்ப்போடும் இருத்தல் வேண்டும்.

விரிவாகச் சொல்லவேண்டுவது மேடையாசை காட்டி நடக்கும் ஏமாற்று. வெளிநாட்டுத் தமிழ்விழாவில் பாட அழைக்கின்றோம் என்று மடல் வரும். முன்பணம் அனுப்புகின்றோம், ஏற்றுக்கொள்ள இதனை அழுத்துக என்று குறி வரும். அம்மாணவியின் தோழி ஒருத்தி அதனை அழுத்தி மறையெண்ணையும் இட்டாள். தந்தை நெல் விற்று வைத்திருந்த பணம் போயிற்று. கைப்பேசிவழிப் பணமாற்றில் பணம் பெறுதற்கு மறையெண் வேண்டுவதேயில்லை. கொடுப்பதற்கே அது வேண்டும். இவ்வொரு செய்தியைக் கல்லூரியில் எவரேனும் முன்பே சொல்லியிருப்பின் அந்நெற்பணம் தங்கியிருக்கும். ஏமாந்தோர் நாணி ஒளியாமல் அப்பொழுதே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். காலம் தாழ்க்குந்தோறும் பணம் கைக்குக் கை மாறிவிடுகின்றது.

குரலே திருடப்படும் காலமும் வந்துவிட்டது. மறைந்த பாடகர் இருவரின் குரல்களைச் செயற்கை அறிவால் மீட்டெழுப்பி, இலால் சலாம் படத்துப் பாட்டொன்றில் 2024-இல் ஏ.ஆர். இரகுமான் பயன்படுத்தினார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். அது முறை. ஆனால் அக்கருவி முறையறிந்தோர் கையில் மட்டும் இருப்பதன்று. சிறிதளவு பதிவு கிடைத்தாலும் ஒருவர் குரலைப் போலப் பேசவைக்கும் நிரல்கள் இன்று மலிந்துள்ளன. நாடோறும் பாடிப் பதிவேற்றும் மாணவிக்கு இது பிறரினும் மிகுந்த இடர். மகள் குரலில் அழுது பணம் கேட்கும் அழைப்பு வந்தால், வைத்துவிட்டு மகளின் எண்ணுக்கே அழைக்கவேண்டும் என்பதைப் பெற்றோர்க்கு அவளே சொல்லி வைத்தல் நன்று.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியோர் சிலர், பெண்பிள்ளைக்கு இணையமே வேண்டாம் என்று கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்கின்றனர். தோழியின் வீட்டில் அதுவே நடந்தது. பணத்தைத் திருடியவன் எங்கோ நலமாயிருக்கின்றான், ஒறுக்கப்பட்டவள் அவள். ஆசானின் பாடம் அவளுக்கு நின்றது. மற்ற மாணவர் அனுப்பிக்கொள்ளும் பதிவுகளும் நின்றன. இது காப்பாகாது. அடுத்த திருடன் அவ்வீட்டில் கைப்பேசியை வைத்திருக்கும் தந்தைக்கே குறி அனுப்புவான். அவர்க்கு அதனை விளக்கிச் சொல்ல வீட்டில் எவரும் இரார்.

இக்கல்வியை இசை ஆசானும் கணிப்பொறி அறிந்தாரும் ஓரறையில் இருந்து கற்பித்தல் வேண்டும். கருவி காந்தாரத்தை நிமிர்த்துவதை ஒருவர் காட்டுவார். அதனை நிறுத்தும் விசையை மற்றவர் காட்டுவார். குடந்தை மாணவி எவர் ஏவலுமின்றி இதனைத் தொடங்கியிருக்கின்றாள். ஆசானின் பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு ஒவ்வொன்றாக ஒருங்குறிக்குக் கொணர்கின்றாள். அவர் அருகிருந்து பாட, அவள் பிழை பார்க்கின்றாள். இதுவரை நாற்பத்திரண்டு பாடல்கள் முடிந்துள்ளன. வலிவின் புள்ளிகளை மட்டும், அச்செடுத்த தாளில், ஆசான் தம் கையால் இட்டு வருகின்றார்.