இலங்கையைக் கவிழ்த்தது தொழுவுரமா?

"சாரே, இயற்கை விவசாயம் பண்ணித்தானே இலங்கை திவாலாச்சு?" திருவட்டாறு டீக்கடையில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பாங்கில் இருந்தவன் என்பதால் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

2019 கடைசியில் இலங்கை மத்திய வங்கியிடம் இருந்த அந்நியச் செலாவணி சுமார் 760 கோடி டாலர். அதே டிசம்பரில் அரசு வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வருமானம் விழுந்தது. பின்னாலேயே கொரோனா, சுற்றுலா டாலரும் நின்றுபோச்சு. விழுந்த துண்டை மத்திய வங்கி ரூபாய் அச்சடித்து நிரப்பியது. ரூபாய் அச்சடிக்கலாம், டாலர் அச்சடிக்க முடியாதுல்லா? வெளிக்கடன் தவணைக்கு இருப்பைக் கரைத்தார்கள். 2022 ஏப்ரல் 12-ல் தவணை கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே தொடக்கத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது: செலவழிக்கக்கூடிய டாலர் 5 கோடிக்கும் கீழே.

உரத்தடை வந்தது இதற்கு நடுவில், 2021 மே மாதம். உடல்நலம் என்று காரணம் சொன்னார்கள்; டாலர் மிச்சம் என்ற கணக்கும் அதில் இருந்தது என்பது என் எண்ணம். நவம்பரில் தடையை விலக்குவதற்குள் நெல்லும் தேயிலையும் அடி வாங்கிவிட்டன. மிச்சம் பிடிக்க நினைத்த டாலரைக் கொடுத்தே அரிசி இறக்கினார்கள். ஆக, தொழுவுரம் நாட்டைக் கவிழ்க்கவில்லை. கவிழ்ந்துகொண்டிருந்த நாட்டை அவசரத் தடை இன்னும் தள்ளிவிட்டது.

இதில் நமக்கும் பங்குண்டு. தடை வந்த அன்று நம்மில் பலர் கைதட்டினோம், நானும்தான். எனக்குப் புத்தி இருந்திருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற முதல் வருஷம் வாழைக்கு யூரியாவை ஒரேயடியாக நிறுத்தி, சின்னச் சின்னக் குலையாக வெட்டியவன் நான். மண்ணைத் தயார் செய்யாமல் நிறுத்தியது என் தப்பு. சான்றிதழ் விதியே ஆண்டுப் பயிருக்கு 2 வருஷம், நீண்டகாலப் பயிருக்கு 3 வருஷம் மாறுகாலம் வைத்திருக்கிறது.

இலங்கை 2023-ல் புதுச் சட்டம் போட்டு, அரசுக்காகப் பணம் அச்சடிப்பதைத் தடுத்தது. அவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். நாம் படிக்க வேண்டியது இது: தடை கேட்காதீர்கள். மாறுகாலத்து விளைச்சல் குறைவுக்கு மானியம் கேளுங்கள், அந்த வருஷங்களுக்குத் தவணை தள்ளிவைத்த பயிர்க்கடன் கேளுங்கள். முதலில் சாணமும் தழையும் மண்ணில் சேரட்டும். இருப்பு இல்லாத கணக்கில் எந்த பாங்கும் பணம் தராது, மண்ணும் அப்படித்தான்.