நாற்காலிகளைக் காலியாக்கியது யார்?

உள்ளாட்சி பட்ஜெட்டில் மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்பது வீண் வேலை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. கேரளம் இதை முயன்று தோற்றுவிட்டதாம். கொச்சியில் குப்பை எரிந்ததாம். ஆலுவா போன்ற ஊர்களில் வார்டு சபைக்கு ஆள் வருவதில்லையாம். வருகிற சிலரும் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வருகிறவர்களாம். ஆகவே தமிழ்நாடு தன் பகுதி சபைகளைக் கைவிட்டு, நகரங்களின் பணத்தை அதிகாரிகளிடமும் நிபுணர்களிடமும் விட்டுவிட வேண்டும் என்பது கட்டுரையாளரின் முடிவு. ஆலுவாவில் வாழும் தமிழன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் தகவல் பிழை ஒன்றும், வரலாற்றுத் திரிபு ஒன்றும், அறப்பிழை ஒன்றும் இருக்கின்றன.

முதலில் தகவல் பிழை. கொச்சியைக் காட்டி வார்டு சபை தோற்றது என்கிறார். கொச்சி மாநகராட்சியில் வார்டு சபையே கிடையாது. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டப்படி, ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில்தான் வார்டு சபை. அங்கே வார்டின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். யாருடைய பரிந்துரையும் வேண்டாம், எழுந்து கேள்வி கேட்கலாம். அதைவிடப் பெரிய நகரங்களில் இருப்பது வார்டு கமிட்டி. கவுன்சிலர் தலைமையில் குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள் எனப்படும் அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கள், கட்சிகள் போன்றவற்றின் பிரதிநிதிகள் உட்காரும் அமைப்பு அது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 22,000 பேர் கொண்ட ஆலுவாவில் சாதாரண வாக்காளருக்கு உள்ள உரிமை, ஆறு லட்சம் பேர் கொண்ட கொச்சியில், மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில் வாழ்கிறவருக்கு இல்லை. இல்லாத சபை எப்படித் தோற்கும்? கொச்சியின் கதை எதையாவது நிரூபிக்கிறது என்றால், மக்கள் சபை இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதைத்தான்.

கொச்சியின் குப்பைக் கிடங்கான பிரம்மபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 2ஆம் தேதி அங்கே குப்பைமலையில் பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் அடங்கவில்லை. நகரமே புகையை மூச்சாக இழுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நகரத்தின் கழிவையெல்லாம் வடவுகோடு-புத்தன்குரிசு பஞ்சாயத்து எல்லைக்குள் கொண்டுபோய்க் குவிப்பது என்ற முடிவு எந்த வார்டு மக்களின் கூட்டத்திலும் எடுக்கப்படவில்லை. அந்தப் பஞ்சாயத்து மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கட்டுரையாளர் கேட்கிற ஆட்சிமுறை, அதாவது மேலே இருப்பவர்கள் டெண்டர் விட்டு முடிவெடுக்கக் கீழே இருப்பவர்கள் பெற்றுக்கொள்ளும் முறை, பிரம்மபுரத்தில் முழுமையாக நடந்தது. அதன் விளைவை மக்களின் தலையில் கட்டுவது நேர்மையற்ற செயல்.

கொச்சிக்குத் தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் ஆலப்புழா இருக்கிறது. அந்த நகரமும் தன் குப்பையைப் பக்கத்துச் சர்வோதயபுரத்தில்தான் கொட்டிவந்தது. அங்கிருந்த மக்கள் வழிமறித்து லாரிகளைத் திருப்பி அனுப்பியபோது நகரசபைக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. 2012இல் தொடங்கிய இயக்கத்தில் வார்டு வார்டாகக் கூடிப் பேசினார்கள். வீட்டுக் கழிவை வீட்டிலேயே பயோகேஸ் கலனிலும் குழாய் உரத்தொட்டியிலும் போடுவது, முடியாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டி வைப்பது என்று முடிவாயிற்று. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் உலகுக்கு எடுத்துக்காட்டிய சில நகரங்களில் ஆலப்புழாவும் ஒன்று. கொச்சியும் ஆலப்புழாவும் ஒரே மாநிலத்தில், ஒரே சட்டத்தின் கீழ் உள்ள நகரங்கள். ஒன்று குப்பையை ஒளித்து வைத்தது. மற்றது குப்பை போடுகிறவரையே முடிவெடுப்பவராக்கியது. கட்டுரையாளர் முதல் நகரத்தைக் கண்டு இரண்டாவதைக் காணாமல் விட்டது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்தது வரலாறு. கேரளத்தின் மக்கள் திட்ட இயக்கம் 1996 ஆகஸ்ட் 17, மலையாள மாதமான சிங்ஙத்தின் முதல் நாள் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தருவதாக அரசு முதலில் அறிவித்தது; என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் மக்களிடம் கேட்டது. வழக்கமாகத் திறமை வளரட்டும், பிறகு அதிகாரம் தருகிறோம் என்பார்கள். அந்த நாள் ஒருபோதும் வராது. கேரளம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. எந்தப் பஞ்சாயத்துக்கு, எந்த நகரசபைக்கு எவ்வளவு என்பது மாநில பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் அச்சிட்டு வந்தது. தன் ஊருக்கு வரவேண்டிய தொகை மக்களுக்குத் தெரிந்தது. அவர்களும் வந்தார்கள். முதல் சுற்றுக் கிராம சபைகளில் வாக்காளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கலந்துகொண்டார். உலகில் எந்த ஊராட்சியும் பெருமைப்படத்தக்க வருகை அது. பெண்களின் பங்கு முதல் ஆண்டில் குறைவாக இருந்து அடுத்த ஆண்டே உயர்ந்தது.

அந்தச் சபைகளால் என்ன விளைந்தது? முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 98,000 வீடுகள், 2,40,000 கழிப்பறைகள், 50,000 கிணறுகள். இவை துண்டு துக்காணி வேலைகள், தொலைநோக்கு இல்லை என்கிறார் கட்டுரையாளர். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். இருட்டும்வரை காத்திருந்து வெளியே போகும் அவமானம் முடிவது அவளுக்குத் தொலைநோக்குதான். பெரிய திட்டங்களுக்கு நான் எதிரியல்ல. மெட்ரோ ரயில் ஆலுவாவுக்கு 2017இல் வந்தது. நானும் அதில் போகிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள வாய்க்காலும் விளக்கும் நடைபாதையும் யாருடைய பொறுப்பு? அவை சரியில்லாத நகரத்தில் பெரிய திட்டங்கள் பெரும்பான்மையோருக்குப் பயன்படாமலே நிற்கும்.

இப்போது சபைகளில் கூட்டம் குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஏன் குறைந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. ஆட்சிகள் மாற மாற உள்ளாட்சிகளின் பங்கு முதலில் சொன்ன அளவிலிருந்து இறங்கியது. தவணைகள் தாமதமாக வந்தன. கருவூலத்தில் பில்கள் தேங்கின. மார்ச் மாதத்தில் எல்லாவற்றையும் அவசரமாகச் செலவழிப்பதும், முடியாததை ஸ்பில் ஓவர் என்று அடுத்த ஆண்டின் தலையில் வைப்பதும் வழக்கமாயின. போன சபையில் எழுதிக் கொடுத்த வாய்க்கால் என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. கேரளத்தை மாறி மாறி ஆண்ட இரண்டு முன்னணிகளுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. சபை முடிவுக்கு மதிப்பு இருந்தபோது மக்கள் வேலையை விட்டு வந்தார்கள். மதிப்பு போனபோது வேலைக்குப் போனார்கள். கூலி நாளை இழந்து ஒரு சடங்குக்கு வந்து உட்கார ஏழைக்கு வசதியில்லை. கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு இவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்பதுபோல் இருக்கிறது கட்டுரையாளரின் தீர்ப்பு.

மூன்றாவது, அறப்பிழை. இதுதான் என்னை எழுதவைத்தது. சபைக்கு வருகிறவர்கள் பயனாளிகள்தான், ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வருகிறார்கள் என்று அவர் இளக்காரமாக எழுதுகிறார். ஆமாம், கூரை ஒழுகுகிறவர் வீட்டு உதவி கேட்டு வருகிறார். அதில் என்ன இழிவு? மாடி வீடும் தனிக் கிணறும் காரும் உள்ளவருக்கு நகரசபையின் பணம் தேவையில்லை. அதனால் அவர் வரவில்லை. தேவையுள்ளவர் வருவதும் தேவையற்றவர் வராததும் பொதுப்பணத்தைப் பங்கிடும் கூட்டத்துக்குக் குறையாகாது. இந்தச் சபைகள் இல்லாத காலத்தில் பயனாளிப் பட்டியல் எங்கே எழுதப்பட்டது என்பது கட்டுரையாளருக்குத் தெரியாதா? தலைவர்களின் திண்ணையிலும் கட்சி அலுவலகத்திலும் எழுதப்பட்டது. தகுதிக்கு இத்தனை மதிப்பெண் என்று வகுத்து, பட்டியலை எல்லோர் முன்னும் வாசித்து, ஆட்சேபம் கேட்பது சபையால் வந்த மாற்றம். யாருக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எழுந்து கேட்கும் உரிமையைத்தான் அவர் பறிக்கச் சொல்கிறார்.

ஊழலை மக்கள் கூட்டம் தடுக்காது என்றும் எழுதியிருக்கிறார். ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையை அவருக்கு நினைவூட்டுகிறேன். வேலைக்கு வராதவர்களின் பெயரில் கூலி எடுக்கப்பட்டதை, பதிவேட்டை உரக்க வாசித்து ஊரே கண்டுபிடித்தது. பதிவேடு கையொப்பம் உட்பட முறையாக இருந்தது. அந்தப் பெயருடையவர் அன்று எங்கே இருந்தார் என்பதை ஊர்க்காரரால்தான் சொல்ல முடிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. கேரளத்திலும் பயனாளர் குழு என்ற பெயரில் ஒப்பந்தக்காரர்களே மறைந்து நின்று வேலை எடுத்த இடங்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கவும் கூடுதல் கண்கள்தான் வேண்டும். கதவைச் சாத்துவது அந்த ஒப்பந்தக்காரருக்குச் செய்யும் உதவி.

நிபுணர்களைப் பற்றி ஒரு சொல். மக்களா நிபுணர்களா என்று தேர்வு செய்யச் சொல்வதே பொய்யான கேள்வி. மக்கள் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரண்டு, பஞ்சாயத்துகளின் திட்டங்களைச் சரிபார்த்துத் தந்தார்கள். வாய்க்காலின் சரிவைக் கணக்கிடப் பொறியாளர் வேண்டும். எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பதை அங்கே வாழ்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். 2018 ஆகஸ்டில் பெரியாறு ஆலுவாவுக்குள் நுழைந்தபோது, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வழியில் படகு போகும் என்பது அயல்கூட்டத்துப் பெண்களுக்கும் தெருக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையிலும் இல்லை. இதே ஆலுவாவில் 1924இல் நாராயண குரு கூட்டிய சர்வமத மாநாடு வாதிட்டு வெல்வதற்கல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்கும் என்று அறிவித்துக்கொண்டது. பட்ஜெட் கூட்டத்துக்கும் அதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையாளர் தொடாத ஒரு குறையை நானே சொல்கிறேன். வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவருக்கே வார்டு சபையில் இடம். கொச்சி வாத்துருத்தியில் நெருக்கியடித்து வாழும் தமிழ்த் தொழிலாளர்களில் பலரின் வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. பெரும்பாவூரில் வேலை செய்யும் வங்காள, ஒடிசாத் தொழிலாளர்களின் நிலையும் அதுதான். இந்த ஊர்களின் கட்டடங்களை எழுப்புகிறவர்களுக்கு, தங்கள் தெருவில் பொதுக்குழாய் எங்கே வரவேண்டும் என்று சொல்ல இடமில்லை. வாக்கு எங்கிருந்தாலும், வாழும் இடத்தில் பேச உரிமை வேண்டும். குறையின் தீர்வு சபையை விரிப்பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வர் பங்கேற்ற பகுதி சபையோடு நம் நகரங்களிலும் இந்த வழி திறந்தது. கேரளத்திடமிருந்து படிக்க வேண்டிய பாடம் மூன்று கோரிக்கைகளாக இருக்கிறது. வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் என்பது சபை கூடுவதற்கு முன்பே எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். பட்ஜெட் தயாரான பிறகு கூட்டி வாசித்துக் காட்டாமல், தயாராகும் முன்பு கூட்ட வேண்டும். போன கூட்டத்தின் ஒவ்வொரு தீர்மானமும் என்ன ஆயிற்று, ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்ற அறிக்கையோடுதான் அடுத்த கூட்டம் தொடங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சபைக்கு மக்கள் வரமாட்டார்கள். வராததற்கு அவர்களைக் குற்றம் சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது.

கட்டுரையாளர் இந்த மூன்றில் எதையும் கேட்கவில்லை. நிதியைக் குறைத்தவர்களை, தவணையைத் தாமதித்தவர்களை, தீர்மானப் புத்தகத்தை மூடி வைத்தவர்களை நோக்கி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏமாற்றப்பட்டவர்களிடமே அவர்களுடைய கடைசி உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொன்னார். அந்தப் பணம் வீட்டு வரியாகவும் தொழில் வரியாகவும், கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியாகவும் மக்கள் கொடுத்தது. அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்கள் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.