பல்லைப் பார்த்து பிளேடு வாங்கணும்!

ஸ்க்ரோல் சா மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே கதைதான். கொலுவுக்கு யானை, மயில் அறுக்கலாம், பேத்திக்கு அவள் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டிக் கொடுக்கலாம் என்று தாத்தா ஆசையாக வாங்கியிருப்பார். முதல் நாளே மூன்று பிளேடு உடையும். தேக்குப் பலகையின் ஓரம் கருகும். பிளைவுட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சிலாம்பு. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். மெஷின் பரணுக்குப் போய்விடும்.

குற்றம் மெஷினிலும் இல்லை, தாத்தாவின் கையிலும் இல்லை. பெட்டியோடு வந்த ஒரே ரகப் பிளேடை வைத்து எல்லா மரத்தையும் அறுக்கப் பார்த்ததுதான் பிழை.

இந்தப் பிளேடு பொதுவாக 5 அங்குல நீளம். இரண்டு முனையிலும் குறுக்கே குட்டி ஆணி இருப்பது 'பின்' பிளேடு. ஆணி இல்லாமல் தட்டையாக இருப்பது 'பின்லெஸ்'. பின் பிளேடை மாட்டுவது சுலபம். ஆனால் பலகையின் நடுவே பூ வடிவம் அறுக்க வேண்டுமானால் முதலில் துளை போட்டு, அதன் வழியே பிளேடை நுழைக்க வேண்டும். பின் பிளேடுக்கு ஏறக்குறைய 5 மி.மீ. துளை தேவை, ஜாலி வேலைக்கு அந்த ஓட்டையே அசிங்கமாகத் தெரியும். பின்லெஸ் என்றால் ஒன்றரை மி.மீ. துளையே போதும். மெஷின் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. பின் பிளேடு மட்டுமே மாட்டக்கூடிய மெஷினை வாங்கிவிட்டால், பின்னால் நுணுக்க வேலைக்கு ஏங்க வேண்டியதுதான்.

அடுத்தது நம்பர். 2/0, 1, 3, 5, 7, 9 என்று போகும். நம்பர் கூடக்கூட பிளேடு அகலமாகும், பல் பெரிதாகும், ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கை குறையும். 5ஆம் நம்பரின் அகலமே சுமார் 1 மி.மீ.தான். 18 மி.மீ. தேக்கு, மா, வேம்பு எதற்கும் இதுதான் கைகொடுக்கும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியதும் இதைத்தான். ஓர் அங்குலத்துக்கு மேல் கனமான கட்டைக்கு 7 அல்லது 9. மெல்லிய பிளைவுட்டுக்கு 1 அல்லது 2.

ஏன் அப்படி? எந்த நேரத்திலும் மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தச்சு வேலையில் பழகிய கணக்கு. அங்குலத்துக்கு 12 பல் உள்ள பிளேடில், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் சுமார் 2 மி.மீ. இடைவெளி. 3 மி.மீ. பிளைவுட்டில் அதை ஓட்டினால் ஒன்றரைப் பல்தான் மரத்தைத் தொடும். பலகை தடதடவென்று குதிக்கும், ஓரம் பிய்யும், பிளேடும் உடையும். மாறாக, கனமான மரத்தில் நெருக்கமான பல் போட்டால் மரத்தூள் வெளியேற வழியில்லாமல் சூடேறும். தேக்கு கருகியது அதனால்தான். அறுக்கும் கோட்டின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டு அறுத்தால் கருகல் வெகுவாகக் குறையும். சிரிப்பாகத் தோன்றும் வைத்தியம், ஆனால் வேலை செய்யும்.

சிலாம்புக்கு மருந்து 'ரிவர்ஸ்' பிளேடு. சாதாரண பிளேடின் பல் எல்லாம் கீழ்நோக்கி இருக்கும். அதனால் அடிப்பக்க இழை பிய்ந்து தொங்கும். ரிவர்ஸ் பிளேடில் கடைசிச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருந்து, அந்த இழையைச் சீவிவிடும். பிளேடு மேலே ஏறி நிற்கும்போது மேசைக்கு மேல் இரண்டு மூன்று ரிவர்ஸ் பல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காசு கொடுத்ததற்குப் பலனில்லை. கைக்குழந்தை விளையாடும் மரப் பொம்மை, பஸ்ஸில் என்றால் இந்தப் பிளேடைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பிஞ்சு விரலில் சிலாம்பு ஏறினால் யாருக்குத் தூக்கம் வரும்?

முறுக்கிய கம்பி போன்ற 'ஸ்பைரல்' பிளேடும் உண்டு. எல்லாப் பக்கமும் அறுக்கும். பலகையைத் திருப்பவே வேண்டாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நேர்கோடு அதில் நேராக வராது, ஓரமும் சொரசொரப்பாக இருக்கும். பலகை பெரிதாகி மெஷின் கைக்குள் திரும்பாதபோது மட்டும் அதை எடுக்கலாம்.

நல்ல பிளேடையும் தலைகீழாக மாட்டினால் பலகை எகிறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் பல் பக்கம் கீழிருந்து மேலாக விரலால் மெல்லத் தடவிப் பார்க்கலாம். விரலைப் பிடித்தால் சரியான திசை. வழுக்கினால் திருப்பி மாட்ட வேண்டும். பிறகு வீணைத் தந்தியைப் போல ஒரு சுண்டு. 'டிங்' என்று தெளிவாக ஒலித்தால் இழுவிசை போதும். 'டொப்' என்றால் இன்னும் முறுக்க வேண்டும். விலை மலிந்த பிளேடுகள் பல, கோட்டைவிட்டு லேசாக வலப்பக்கம் இழுக்கும். தயாரிப்பில் ஒரு பக்கம் தங்கும் பிசிறுதான் காரணம். பலகையைச் சற்றுச் சாய்த்துத் தள்ளப் பழகிக்கொண்டால் போதும்.

பிளைவுட்டிலுள்ள பசை பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அரை மணி நேர வேலையிலேயே ஒரு பிளேடு ஓய்ந்துவிடலாம். தள்ளினால்தான் அறுக்கிறது என்ற நிலை வந்ததும் மாற்றிவிட வேண்டும். அழுத்தித் தள்ளும்போதுதான் பிளேடு உடையும், விரலும் போய் மோதும். டஜன் கணக்கில் வாங்கினால் மலிவாகவும் கிடைக்கும். உடைந்த துண்டுகளைத் தரையில் விடாமல் மூடி போட்ட பழைய மருந்து பாட்டிலில் சேர்த்து வைக்க வேண்டும். வெறுங்காலோடு தாத்தாவிடம் ஓடி வருவது அந்தப் பேத்திதான்.